காந்தகார்ல ஒரு ஜார்ஜிய ராஜா: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல காந்தகார் கோட்டை பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு பதில் சொல்றப்போ, 1709ல அங்க பாரசீக ஷாவோட கவர்னரா இருந்து கொல்லப்பட்டவரு ஒரு ஜார்ஜிய ராஜா, பொறப்புல கிறிஸ்தவர்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு போயிட்டேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதமும் மெயிலும் வரும்னு நான் நினைக்கவே இல்ல. ரொம்ப சந்தோஷம், எனக்கும் அந்த மனுஷனை பத்தி எழுதணும்னு பல வருஷமா ஆசை. ஒரே மாதிரி கேள்விகளை ஒண்ணா சேர்த்து இந்த இதழ் முழுக்க அவருக்கே கொடுத்துட்டேன்.

ஜார்ஜியான்னா அமெரிக்காவுல இருக்கே, அட்லாண்டா, அதுவா சார்? (விருதுநகர் வாசகர்)

இல்லைங்க. இது கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவுல, காகசஸ் மலையை ஒட்டி இருக்கற நாடு, தலைநகர் திபிலிசி. நாலாம் நூற்றாண்டுலயே கிறிஸ்தவத்துக்கு வந்துட்ட ஜனங்க. நாம பேசற 17ம் நூற்றாண்டுல அது ஒரே நாடா இல்ல, துண்டு துண்டா கிடந்தது. மேற்குப் பக்கம் துருக்கி சுல்தான் கையில, கிழக்குல கார்த்லி, ககேத்தின்னு ரெண்டு ராஜ்யம் பாரசீக சஃபாவி ஷாவுக்கு கீழ. துருக்கியும் பாரசீகமும் 1639ல போட்ட உடன்படிக்கையோட இந்த பங்கீடு உறுதியாயிடுச்சு.

ஒரு நாட்டுக்கே ராஜாவா இருக்கறவரு எப்படி இன்னொருத்தர்கிட்ட கவர்னரா வேலை பார்க்க முடியும்? அவரு யாரு, கொஞ்சம் விரிவா சொல்லுங்க. (தேனியிலேர்ந்து ஒரு வாசகி, இதையே இன்னும் நாலு பேர் கேட்டிருக்காங்க)

அவரு பேரு கியோர்கி, கார்த்லி ராஜாக்கள் வரிசைல பதினோராவது கியோர்கி. பாரசீகக்காரங்க வெச்ச பேரு குர்கின் கான். 1651ல பொறந்தவரு, பக்ராத்தியோனிங்கற ரொம்ப பழைய ராஜ வம்சம். அப்பா அஞ்சாம் வாக்தாங், அவருக்கும் ஷாநவாஸ் கான்னு ஒரு முஸ்லிம் பேரு உண்டு. இப்படி ரெண்டு பேரு எதுக்குன்னா, கார்த்லி சிம்மாசனத்துல உக்காரணும்னா ஷாவோட சம்மதம் வேணும், ஷா சம்மதிக்கணும்னா பேருக்காவது இஸ்லாத்துக்கு மாறணும், அதுதான் அப்போ நிபந்தனை. மாறிட்டா ஷாகிட்டேர்ந்து மரியாதை அங்கியும் வாளும் குதிரையும் வரும், உள்நாட்டுல அவரு ராஜா, ஷாவோட கணக்குப் புத்தகத்துல குர்ஜிஸ்தானோட (ஜார்ஜியாவுக்கு பாரசீகப் பேரு) வாலி, அதாவது ஒரு மாகாணத்து ஆளுநர். ராஜ வீட்டு பசங்க பாரசீகத் தலைநகர் இஸ்பஹான் அரண்மனைல வளருவாங்க. அது கௌரவமும்தான் பணயமும்தான், ஏன்னா அப்பன் எதாவது எதிர்ப்பு காட்டினா பையன் ஷா கையில இருக்கானே.

கியோர்கி 1676ல அரியணை ஏறினாரு. ஆனா அடங்கி இருக்கல, ஷாவை எதிர்த்து கலகத்துல இறங்கினாரு, 1688ல ஷா சுலைமான் அவரை பதவிலேர்ந்து தூக்கிட்டு ககேத்தி வம்சத்து எரெக்லேங்கற இளவரசரை அங்க உக்கார வெச்சிட்டாரு. அடுத்த பல வருஷம் இவரு மலை மலையா சுத்தி, ஆளைச் சேர்த்து, சண்டை போட்டு, இழந்ததை திரும்ப பிடிக்கப் பார்த்தாரு, முடியல. கடைசில புது ஷா சுல்தான் ஹுசைன் காலத்துல வேற வழியில்லாம இஸ்பஹானுக்கு போய் பணிஞ்சாரு. சும்மா விடுவாங்களா, பெரிய போர் வீரனாச்சே, 1699ல பாரசீகத்தோட தென்கிழக்குல இருக்கற கெர்மானுக்கு அனுப்பினாங்க, அங்க பலூச்சிக்காரங்க ஊரு ஊரா கொள்ளை அடிச்சிட்டு இருந்தாங்க, இவரும் இவரு தம்பி லெவானும் ஜார்ஜிய படையை வெச்சு அதை அடக்கினாங்க.

அதுக்கு பரிசா 1703ல கார்த்லி பட்டம் திரும்ப கிடைச்சுது. ஆனா ஊருக்கு போக விடல! பட்டத்தை ஒரு கையில கொடுத்துட்டு இன்னொரு கையில காந்தகார் போஸ்டிங்கை கொடுத்தாரு ஷா. திபிலிசிலேர்ந்து காந்தகார் நேர்கோட்டுல அளந்தாலே 2,000 கிலோமீட்டருக்கு மேல, அன்னைக்கு குதிரையும் ஒட்டகமும்தான். ஊரை பார்த்துக்க தம்பி லெவானோட பையன் வாக்தாங்கை பிரதிநிதியா விட்டாரு. இவரு 15 வருஷம் எந்த நாட்டுக்காக அடிபட்டாரோ அந்த நாட்டுக்கு மறுபடி ராஜாவாகியும் கடைசி வரைக்கும் ராஜாவா அங்க போய் உக்காரவே இல்ல. இதை படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகுது.

அந்த ஃபேமிலி 1704 வாக்குல எங்கெங்க இருந்துச்சுன்னு ஒரு தடவை பாருங்க. கியோர்கி காந்தகார்ல. தம்பி லெவான் இஸ்பஹான்ல ஷாவோட தலைமை நீதிபதி. லெவானோட ஒரு பையன் திபிலிசில நாட்டை பார்த்துக்கறான், இன்னொருத்தன் கைகோஸ்ரோ இஸ்பஹான் நகரத்துக்கே தரோகா, நம்ம ஊரு போலீஸ் கமிஷனர் மாதிரி (அந்த தரோகா வேலையை ரொம்ப காலமாவே ஜார்ஜிய இளவரசர்களுக்குத்தான் கொடுத்துட்டு வந்தாங்க). இன்னொரு சகோதரர் அர்ச்சில் இதெல்லாம் வேணாம்னு ரஷ்யாவுக்கு போயிட்டாரு. அர்ச்சிலோட மகன் அலெக்சாந்தர், ரஷ்ய மன்னர் மகா பீட்டரோட நண்பன், ரஷ்ய பீரங்கிப் படைக்கு தலைவன், 1700ல நார்வா சண்டைல ஸ்வீடன்காரங்ககிட்ட மாட்டி ஜெயில்ல. அவனும் 1711ல வீடு திரும்பற வழியிலயே செத்தான். ஒரே குடும்பம், காந்தகார்லேர்ந்து ஸ்வீடன் வரைக்கும் சிதறி, ஆளாளுக்கு ஒரு பேரரசுக்கு உழைச்சிட்டு இருக்காங்க.

இவரு நிஜமாவே மதம் மாறினாரா? இல்ல பதவிக்காக நடிச்சாரா? (நாகர்கோவில் வாசகர்)

ஒரு மனுஷன் மனசுக்குள்ள என்ன நம்பினாருன்னு 300 வருஷம் கழிச்சு தீர்ப்பு சொல்ல எனக்கு விருப்பமில்ல. கண்ணுக்கு தெரியற விஷயத்தை சொல்றேன். முஸ்லிம் பேரோட ஆட்சி பண்ண இதே கியோர்கி ரோம்ல இருந்த போப்பாண்டவருக்கு கடிதம் எழுதி உறவு வெச்சிருந்தாரு, கத்தோலிக்க பாதிரியார்களை பக்கத்துல வெச்சிருந்தாரு.

அவங்க அப்பா காலத்துல, 1673ல, ஷார்டான்னு ஒரு பிரெஞ்சு நகை வியாபாரி திபிலிசிக்கு வந்தாரு, அவரு எழுதி வெச்சிருக்கறதை படிச்சா அந்த ஊரு நிலவரம் நல்லா புரியும். பேரரசு முஸ்லிம் பேரரசு, ஆள்றவரும் பேருக்கு முஸ்லிம், ஆனா ஊருக்குள்ள பதினாலு சர்ச்சு இருக்கு, மசூதி கிடையாது. கோட்டைக்குள்ள மட்டும் பாரசீகக்காரங்க சின்னதா ஒரு மசூதி கட்டினாங்க, கோட்டை அவங்க கையில இருந்ததால ஜனங்களால தடுக்க முடியல, ஆனா பாங்கு சொல்ல ஆளு மேல ஏறினதும் கீழேர்ந்து கல்லு பறந்து வந்துச்சாம், அவரு இறங்கி ஓடிட்டாராம். அரண்மனை விருந்துல திராட்சை மது ஆறா ஓடினதையும் அவரு எழுதியிருக்காரு, அந்த விருந்துல கிறிஸ்தவ பாதிரியார்களும் உக்காந்திருந்தாங்க. அந்த சபைல இருபது வயசு தாண்டின நம்ம கியோர்கியும் வளர்ந்தாரு, அதனால பேரு ஒண்ணு, வீட்டு வழக்கம் ஒண்ணுங்கறது அவருக்கு பொய்யா தோணியிருக்காதுன்னுதான் நான் நினைக்கறேன்.

ஆனா எல்லாரும் வளைஞ்சு கொடுக்கல. ககேத்தி ராணி கெத்தேவான், மதம் மாற மாட்டேன்னு சொன்னதுக்காக 1624ல ஷிராஸ்ல சித்ரவதை செஞ்சு கொல்லப்பட்டாங்க. அவங்க எலும்பை அகஸ்தீன் சபை பாதிரியார்கள் ரகசியமா எடுத்துட்டு வந்து வெச்ச இடம் எது தெரியுமா, நம்ம கோவா! பழைய கோவாவுல இடிஞ்சு கிடந்த செயின்ட் அகஸ்டின் சர்ச்சுல கிடைச்ச எலும்பை ஹைதராபாத் சிசிஎம்பிங்கற உயிரியல் ஆய்வு மையத்து விஞ்ஞானிகள் டிஎன்ஏ டெஸ்ட் பண்ணி, இந்தியாவுல பார்க்க முடியாத தாய்வழி மரபணு அதுல இருக்கறதை கண்டுபிடிச்சாங்க. 2021 ஜூலைல நம்ம வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் திபிலிசிக்கு போய் அதுல ஒரு பகுதியை ஒப்படைச்சாரு.

இன்னொண்ணும் சொல்லணும். கியோர்கியை தூக்கிட்டு 1688ல சிம்மாசனத்துல உக்கார வெச்சாங்களே எரெக்லே, அவரு இந்த கெத்தேவானோட கொள்ளுப்பேரன்தான். சின்ன வயசுல ரஷ்யால வளர்ந்தவரு. பட்டத்துக்காக அவரும் மாறினாரு, நாசர் அலி கான்னு பேரு வெச்சுக்கிட்டாரு. யாரை குறை சொல்றது, சொல்லுங்க.

ஆப்கானியர்கள் ஏன் அவரை கொன்னாங்க? விருந்துக்கு கூப்பிட்டு கொன்னது துரோகம் இல்லையா? (சேலம் வாசகர், கோவை வாசகி)

காந்தகார் லேசுப்பட்ட இடம் இல்ல. இந்தியாவுக்கும் பாரசீகத்துக்கும் நடுவுல வாசப்படி. 1622ல ஷா அப்பாஸ் பிடிச்சாரு, 1638ல அங்கிருந்த கவர்னரே ஷாஜஹான்கிட்ட சாவியை கொடுத்துட்டாரு, 1649ல பாரசீகம் மறுபடி பிடிச்சுது. அதுக்கப்புறம் முகலாயர்கள் மூணு தடவை முற்றுகை போட்டாங்க, ரெண்டு தடவை ஔரங்கசீப், ஒரு தடவை அண்ணன் தாரா ஷுகோ, மூணும் தோல்வி. அப்படிப்பட்ட எல்லைக்கு நம்பகமான, கண்டிப்பான ஆளு வேணும்னுதான் குர்கின் கானை படைத் தலைவராவும் ஆக்கி அனுப்பினாங்க.

கண்டிப்புங்கறது கொடுமையா மாறிடுச்சு. இதை நான் மழுப்ப மாட்டேன். அங்க இருந்த கில்சாய்ங்கற ஆப்கான் இனத்து ஜனங்க சுன்னி முஸ்லிம்கள், பாரசீக அரசு ஷியா, அனுப்பின கவர்னரோ நேத்து வரைக்கும் கிறிஸ்தவன், கூட வந்த ஜார்ஜிய சிப்பாய்களுக்கு அந்த ஊரு பாஷையும் தெரியாது, பந்தமும் கிடையாது. வரி கசக்கி வசூலிச்சாங்க, வீட்டுக்குள்ள புகுந்தாங்க, பொண்ணுங்க மேல கை வெச்சாங்கன்னு அந்த காலத்து குறிப்புகளே சொல்லுது. இஸ்பஹானுக்கு போன புகார் மனுவெல்லாம் ஷா காதுக்கு போகவே இல்ல, ஏன்னா அங்க இருந்ததும் இவரு சொந்தக்காரங்கதானே, தம்பி நீதிபதி, தம்பி மகன் தரோகா. அடிச்சவனோட அண்ணன் தம்பிகிட்டயே போய் நியாயம் கேக்கற நிலைமை. காந்தகார்ல ஒரு ஏழை கில்சாய் குடும்பத்துக்கு ராஜாவோட சோகக் கதை எல்லாம் எதுக்கு, அவங்களுக்கு தெரிஞ்சது சாட்டை மட்டும்தான்.

அந்த ஊரு கலந்தர், அதாவது மேயர் மாதிரி, மிர்வைஸ் ஹோதக். பணக்காரர், கெட்டிக்காரர், ஜனங்க மதிச்ச தலைவர். இவருதான் ஆபத்தான ஆளுன்னு குர்கின் கான் சரியாவே கணிச்சாரு, கைது பண்ணி இஸ்பஹானுக்கு அனுப்பினாரு, இவனை திரும்ப அனுப்பாதீங்கன்னும் எழுதினாரு. ஆனா மிர்வைஸ் அங்க போய் ஒடுங்கி உக்காரல. அரண்மனைல யார் யாருக்கு ஜார்ஜியர்களை பிடிக்காதுன்னு பார்த்து, அவங்களுக்கு பரிசு கொடுத்து கைக்குள்ள போட்டுக்கிட்டு, ஷாவோட நம்பிக்கையையே வாங்கிட்டாரு. கூடவே இந்த பேரரசு உள்ளுக்குள்ள எவ்வளவு உளுத்துப் போயிருக்குன்னு கண்ணால பார்த்துட்டாரு. அங்கிருந்து ஹஜ் போனாரு, மெக்கா உலமாக்கள்கிட்ட இந்த ஆட்சியை எதிர்க்கலாம்னு ஃபத்வா வாங்கி மடியில முடிஞ்சுக்கிட்டாரு. அந்த சமயம் பார்த்து ரஷ்யாவுலேர்ந்து ஒரு தூதர் வர்றாருன்னு செய்தி, குர்கின் கானோட சகோதரரும் ரஷ்யாலதானே இருக்காரு, எல்லாம் சேர்ந்து சதின்னு கிளப்பி விட்டாரு. ஷாவும் அவரை அதே கலந்தர் வேலைக்கு காந்தகாருக்கே திருப்பி அனுப்பினாரு, குர்கின் கான் மேல ஒரு கண்ணு வெச்சுக்கோன்னு!

இதெல்லாம் நமக்கு தெரியறது பெரும்பாலும் அப்போ இஸ்பஹான்ல இருந்த போலந்து நாட்டு யேசு சபை பாதிரியார் குருசின்ஸ்கி எழுதினதால. அவரு சொல்றபடி, கோபத்துல இருந்த குர்கின் கான் மிர்வைஸை அவமானப்படுத்தணும்னு அவரோட மகளை அனுப்பச் சொல்லி ஆள் விட்டாராம், மிர்வைஸ் வேற ஒரு பொண்ணை தன் மகள்னு சொல்லி அனுப்பிட்டு, சிரிச்ச முகத்தோட நட்பு பாராட்டினாராம். 1709 ஏப்ரல் 21, காந்தகாருக்கு வெளிய கோகரான்ங்கற இடத்துல விருந்து. ஜார்ஜிய படைல ஒரு பகுதி வேற வேலையா வெளிய போயிருந்துச்சு. வயிறு முட்ட சாப்பாடு, மது, அசந்த நேரத்துல பாய்ஞ்சு குர்கின் கானையும் கூட இருந்தவங்களையும் வெட்டினாங்க. அப்புறம் செத்தவங்களோட உடுப்பை போட்டுக்கிட்டு, அவங்க குதிரை மேலயே ஏறி, இருட்டுல கோட்டை வாசலுக்கு போனாங்க, காவக்காரங்க தங்களோட கவர்னர்தான் திரும்பறாருன்னு கதவை திறந்துட்டாங்க.

விருந்துல கொல்றது துரோகமான்னு கேட்டீங்க. உப்பு போட்டு சோறு கொடுத்த இடத்துல ரத்தம் சிந்தறதை நம்ம ஆளுங்களும் ஏத்துக்க மாட்டாங்க. ஆனா ஒரு அப்பன்கிட்ட மகளை கேட்டு ஆள் விட்டவருக்கு விருந்தோம்பலோட பாதுகாப்பை கேட்க வாய் இருக்கான்னும் யோசிச்சுப் பாருங்க. மிர்வைஸை ஆப்கானியர்கள் இன்னைக்கும் மிர்வைஸ் நீக்கான்னுதான் கூப்பிடறாங்க, நீக்கான்னா தாத்தா. கோகரான்லதான் அவரோட சமாதி, காந்தகார் பெரிய ஆஸ்பத்திரிக்கும் அவரு பேருதான். எனக்கு அந்த மரியாதை நியாயமாத்தான் படுது.

அப்போ கியோர்கி சொந்த ஜனங்களுக்கு துரோகியா, தியாகியா? ஒரே வார்த்தைல சொல்லுங்க. (புதுச்சேரி வாசகர்)

ஒரே வார்த்தைல முடியாது, மன்னிக்கணும். கார்த்லியை ஷாவோட நேரடி படையெடுப்புலேர்ந்து காப்பாத்தினது இந்த மாதிரி ராஜாக்களோட வளைஞ்சு கொடுத்தல்தான். பக்கத்து ககேத்தி எதிர்த்தப்போ 1616 வாக்குல ஷா அப்பாஸ் அந்த நாட்டையே காலி பண்ணி, லட்சக்கணக்கான ஜனங்களை கொன்னும் பாரசீகத்துக்கு ஓட்டிட்டும் போனாரு. அந்த பயம் மூணு தலைமுறைக்கு போகல. கியோர்கி ரெண்டையும் செஞ்சு பார்த்தவரு, எதிர்த்தும் பார்த்தாரு, பணிஞ்சும் பார்த்தாரு. தன் நாட்டுக்கு அவரு உண்மையாத்தான் இருந்தாரு, ஆனா அதுக்கு கொடுத்த விலையை காந்தகார் ஜனங்க தலையில இறக்கினாரு. அடிமைப்பட்ட நாட்டோட ராஜா இன்னொரு அடிமைப்பட்ட ஊரை போய் அடக்கினாருங்கறதுதான் என்னால மறக்க முடியாத விஷயம்.

அவரோட குடும்பம் என்ன ஆச்சு? ஷா பழி வாங்கினாரா? (திருநெல்வேலி வாசகி)

பழி வாங்கவும் குடும்பத்து ஆளைத்தான் அனுப்பினாரு. தரோகாவா இருந்த கைகோஸ்ரோவுக்கு பட்டமும் படையும் கொடுத்து காந்தகாருக்கு அனுப்பினாங்க, ஆனா அரண்மனைல எதிரிங்க பணத்தை இழுத்தடிச்சாங்க, வழியெல்லாம் தாமதம். 1711ல முற்றுகை போட்டாரு. உள்ள இருந்தவங்க நிபந்தனையோட சரணடையறோம்னு வந்தாங்க, பெரியப்பாவை கொன்ன ஆத்திரம், நிபந்தனை எல்லாம் கிடையாதுன்னுட்டாரு. அதான் அவரு பண்ண தப்பு. சாப்பாடு தீர்ந்துச்சு, பின்வாங்கும்போது மிர்வைஸ் ஆளுங்க விழுந்தாங்க, 1711 அக்டோபர்ல கைகோஸ்ரோவும் செத்தாரு, படைல தப்பிச்சவங்க ரொம்ப சொற்பம்.

திபிலிசில இருந்த இன்னொரு பையன், ஆறாம் வாக்தாங், இவரு வேற மாதிரி மனுஷன். பெரியப்பா காந்தகார்ல வெட்டுப்பட்ட அதே 1709ல இவரு திபிலிசில ஜார்ஜியாவோட முதல் அச்சுக்கூடத்தை ஆரம்பிச்சு நற்செய்தி நூலை அச்சடிச்சாரு, 1712ல ஜார்ஜியக் கவிஞர் ருஸ்தவேலியோட புலித்தோல் போர்த்திய வீரன் காவியத்தை முதல் முறையா அச்சுல கொண்டு வந்தாரு. சட்டத்தை தொகுத்தாரு, பண்டிதர்களை உக்கார வெச்சு நாட்டு வரலாற்றை ஒழுங்கு பண்ணாரு. ஆனா ஷா கூப்பிட்டு மதம் மாறச் சொன்னப்போ மாட்டேன்னாரு, கெர்மான்ல கொண்டு போய் வெச்சாங்க, பட்டம் வேற சகோதரருக்கு போச்சு. 1716ல மனசை கல்லாக்கிட்டு மாறினாரு, 1719லதான் ஊரு திரும்ப முடிஞ்சுது.

அந்த பாரசீக சிறைவாசத்துல அவரு என்ன பண்ணாருன்னு தெரிஞ்சா உங்களுக்கு சந்தோஷமா இருக்கும், பாரசீகத்துலேர்ந்து கலீலா வ திம்னாவை ஜார்ஜிய மொழிக்கு பெயர்த்தாரு. அது வேற எதுவும் இல்ல, நம்ம பஞ்சதந்திரம். கரடகன், தமனகன்னு நாம சின்ன வயசுல கேட்ட ரெண்டு நரிங்கதான் அங்க கலீலாவும் திம்னாவும். சிங்கத்துக்கும் எருதுக்கும் நடுவுல மூட்டி விடற அந்த நரிக் கதையை, அரண்மனை சூதுல தன் குடும்பமே சிதைஞ்சு போன ஒரு ராஜா, கைதியா உக்காந்து வரி வரியா எழுதறதை நினைச்சுப் பாருங்க.

ஷாவுக்கும் முடிவு வந்துச்சு. வாக்தாங் 1721 குளிர்காலத்துல எல்லையில கொள்ளையடிச்ச லெஸ்கின்கள்ங்கற காகசஸ் மலை ஜனங்களை அடக்க படையோட கிளம்பினாரு, அரண்மனைல யாரோ ஓத, ஷா பாதியில நிறுத்தச் சொல்லிட்டாரு. இனி இந்த ஷாவுக்காக வாளை உருவ மாட்டேன்னு அன்னைக்கு சத்தியம் பண்ணாரு. அடுத்த வருஷமே மிர்வைஸோட மகன் மஹ்மூத் இஸ்பஹானுக்கு படையெடுத்து வந்துட்டான், 1722 மார்ச் 8 குல்னாபாத் சண்டைல வாக்தாங்கோட சகோதரர் ரோஸ்தோம் ஷாவுக்காக போராடி செத்தாரு. முற்றுகைல தலைநகர் பட்டினி கிடந்துச்சு, உதவிக்கு வாங்கன்னு கூப்பிட்டாங்க, வாக்தாங் போகல. அக்டோபர்ல ஷா சுல்தான் ஹுசைன் தன் கிரீடத்தை தானே மஹ்மூத்கிட்ட கொடுத்தாரு. வாக்தாங் ரஷ்யாவை நம்பினாரு, பீட்டர் வந்த வழியே திரும்பிட்டாரு, 1724ல நாட்டை விட்டு போனவரு 1737ல ரஷ்யாவுல அஸ்திரகான்ங்கற ஊர்ல கண்ணை மூடினாரு.

அந்த ஜார்ஜியர்களோட அடையாளம் ஈரான்ல இப்போ ஏதாவது மிச்சம் இருக்கா? (சிவகாசி வாசகர்)

இருக்கு, அதுவும் உயிரோட. இஸ்பஹான் மாகாணத்துல மலைப்பக்கமா ஃபெரெய்துன்ஷஹர்னு ஒரு ஊரு. ஷா அப்பாஸ் ஓட்டிட்டு வந்த குடும்பங்களோட வாரிசுங்க அங்க 400 வருஷமா இருக்காங்க. எல்லாரும் ஷியா முஸ்லிம்கள், ஈரான்காரங்கதான், ஆனா வீட்டுல பேசறது இன்னைக்கும் ஜார்ஜிய மொழி. அந்த ஊருக்கு அவங்க வெச்சிருந்த பழைய பேரு மார்த்கோபி. திபிலிசிக்கு பக்கத்துல அதே பேர்ல ஒரு கிராமம் இப்பவும் இருக்கு.